கருப்பன் சங்கிலியில் ஆஸ்பத்திரிப் பூட்டு

1938-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ஆம் தேதி, புதன்கிழமை. வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. வழக்கம்போல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன். கைப்பெட்டியில் அரங்கள், குறடு, தையல் மெஷின் எண்ணெய், எண்ணெய் தொட்டு விடுவதற்கு ஒரு கோழி இறகு.

ஆஸ்பத்திரியின் பூட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலில் மருந்துக் கிடங்கு. அங்கே விஷ மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டுகள். இரண்டையும் நான் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் கம்பவுண்டர் உட்காருவார். பிறகு ஆபரேஷன் அறை, பெண்கள் வார்டு, பிரசவ வார்டு, சவக்கிடங்கு. தொத்துநோய்க் கொட்டகைக்குக் கடைசியில்தான் போவேன். அங்கே தொட்ட கையோடு வேறு எந்தப் பூட்டையும் தொடக்கூடாது. லைசால் கலந்த தண்ணீரில் கையையும் சாவியையும் கழுவிவிட்டு வெளியே வர வேண்டும்.

அன்று பிரசவ வார்டில் ஒரு பெண் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வலியில் இருந்தாள். அவளுடைய மாமியார் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா பூட்டுக்காரரே, இங்கிட்டு ஏதும் பூட்டிக் கெடக்கா? தெறந்து விடுங்கய்யா, புண்ணியமாப் போகும்."

இது எனக்குப் பழகின பேச்சு. பிரசவம் தாமதமானால் எங்கள் பக்கத்தில் வீட்டில் உள்ள பெட்டி, குதிர், கொல்லைக்கதவு எல்லாவற்றையும் திறந்து வைப்பார்கள். முடிச்சுப் போட்டதை அவிழ்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் எதைத் திறப்பது? என்னைத்தான் கேட்பார்கள். துணி அலமாரியைத் திறந்து விட்டேன். என் கைப்பெட்டியையும் அவள் கண்ணில் படும்படி திறந்து வைத்தேன்.

உள்ளேயிருந்து நர்சம்மா சிரித்தார். "ஜெயிலையும் தெறந்து விட்டுட்டு வந்துருங்க. ஊருக்கே சொகப்பிரசவம் ஆகிரும்."

"சாவி குடுத்தா தெறந்துருவேம்மா," என்றேன். மாமியார்க் கிழவிகூடச் சிரித்தாள். அன்று நான் சிரித்தது அதுதான்.

தொத்துநோய்க் கொட்டகையில் இரண்டாம் கட்டில் காலியாக இருந்தது. அதன் மெத்தையைத் தோட்டி கொளுத்துவதற்குத் தூக்கிக்கொண்டு போனான். அந்தக் கட்டிலில் கோச்சடைக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஆறு வயதிருக்கும். தொண்டை அடைப்பான் என்று சேர்த்திருந்தார்கள். அவளால் பேச முடியாது. காலையில் என் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவாள். ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருதரம் குலுக்கிக் காட்டுவேன். இன்னொருதரம் என்று விரலால் கேட்பாள். குலுக்குவேன்.

விடியற்காலையில் போய்விட்டாள் என்று ஆயா சொன்னாள். நான் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். அது புதுப்பூட்டு, எண்ணெய் தேவைப்படவில்லை.

அது புதுப்பூட்டாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முந்தின வாரம் அந்தக் கொட்டகையின் பழைய பூட்டு காணாமற்போனது. அது அமுக்குப் பூட்டு. திறக்கத்தான் சாவி வேண்டும். மூடுவதற்கு வளையத்தை அமுக்கினால் போதும். பகலில் நர்சுகள் உள்ளே இருக்கும்போது கொண்டியில் திறந்தபடியே தொங்கும். ஒரு மத்தியானம் பார்த்தால் கொண்டி மட்டும் இருக்கிறது. மருந்தை விட்டு, போர்வையை விட்டு, பூட்டை எவன் எடுப்பான்? யாருக்கும் விளங்கவில்லை. வாசல் காவல்காரர் என் வயதுக்காரர். அன்றெல்லாம் என்னைக் கேலி செய்வதை விடவில்லை.

"மாப்ள, பூட்டையே தூக்கிட்டானாம்ல. இனிமே பூட்டுக்கு ஒரு பூட்டுப் போடு. அதுக்கு நான் காவல் இருக்கேன்."

"நீ காவல் இருந்துதான மாமா இது போச்சு," என்றேன்.

பூட்டு தொலைந்தால் அதன் சாவியை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. காரணம் இல்லாமல் வைத்த விதி அல்ல. திருடன் தொலைந்த பூட்டுக்கு ஒரு சாவி செய்துகொண்டு, அதை ஒருநாள் கொண்டுவந்து புதுப்பூட்டு இருக்கிற இடத்தில் மாட்டிவிட்டுப் போவான். பழைய சாவி கொத்தில் இருந்தால், நாம் அதைப் போட்டுத் திறந்து மூடி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ராத்திரியில் அவன் தன் சாவியோடு வருவான். அதனால் இரண்டு சாவிகளையும் ஆபீஸ் குமாஸ்தா முன்னால் வைத்துப் பல் இல்லாமல் அராவி, பழைய இரும்பு போடுகிற தகர டப்பாவில் போட்டேன். பூட்டு கிடைத்தால் எடுத்த ஆளோடு சேர்த்துப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்றும் பெரிய டாக்டர் உத்தரவு போட்டிருந்தார்.

புதன்கிழமை, கொட்டகையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் அந்தச் சிறுமியின் தகப்பன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். வைகைக் கரையோரத்தில் வாரத்துக்கு நிலம் உழுகிறவன். மகளைச் சேர்த்த நாளிலிருந்து ஜன்னலுக்கு வெளியேயே நின்று பார்த்தவன். எனக்கு முகம் நன்றாகத் தெரியும். பின்வாசலில் வண்டி நின்றது. வண்டிக்குள் அவன் மைத்துனன், மடியில் வெள்ளைத் துணி சுற்றிய பிள்ளையோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, காலையிலதான் கேள்விப்பட்டேன்," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு, "அண்ணே, ஒரு சாவி வேணும்," என்றான்.

"என்ன சாவி?"

"கொட்டகைப் பூட்டுச் சாவி. பழைய பூட்டுக்கு."

அவன் குரலைத் தாழ்த்தாமல் சொன்னான்: "நாந்தான் எடுத்தேன். கருப்பன் கோயில்ல கெடக்கு."

கோச்சடைக்கு மேற்கே, வயற்காட்டில் ஒரு கருப்பன் கோயில் இருக்கிறது. கூரை கிடையாது. நட்ட அரிவாள்கள், அவற்றுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி. வேண்டுதல் வைப்பவர்கள் ஒரு பூட்டைக் கொண்டுபோய் அந்தச் சங்கிலியில் பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். காரியம் கைகூடினால் சாவியோடு போய்த் திறந்து, பொங்கல் வைப்பார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். கடையில் வாங்கின பூட்டைத்தான் எல்லோரும் போடுவார்கள்.

"கடைப்பூட்டு ஒண்ணு வாங்கிருக்கலாம்ல தம்பி?"

"கடைப்பூட்டுக்கு எம்மகளத் தெரியுமாண்ணே? இதுக்குள்ளதான அவ கெடந்தா. நோவும் இதுக்குள்ளதான கெடந்துச்சு. இதக் கொண்டுபோய்க் கருப்பன்கிட்டப் பூட்டிட்டா நோவு அங்கிட்டே கெடந்துரும், புள்ள வெளிய வந்துரும்னு நெனச்சேன்."

"சாவி இல்லாம பூட்டுனியே."

"சாவி எங்கிட்டு இருந்தா என்ன, ஒங்ககிட்டதான பத்திரமா இருக்கும். நல்லானதும் ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போவம்னு இருந்தேன். ஒங்க சாவிச் சத்தம்னா அவளுக்கு அம்புட்டு இஷ்டம்ல."

நான் பழைய இரும்பு டப்பாவைக் கவிழ்த்து, அந்த இரண்டு சாவிகளையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அவன் ஒன்றை எடுத்து, பல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தடவினான்.

"போனது போச்சு தம்பி. வேண்டுதல் பலிக்கலேன்னா பூட்டு அப்படியே கெடந்துட்டுப் போகுது. அங்க எத்தனையோ துருப்பிடிச்சுக் கெடக்கே," என்றேன்.

"அதில்லண்ணே. எங்க வீட்ல அவளுக்கு ஒம்பது மாசம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் துணி அலமாரியைத் திறக்கச் சொன்ன கிழவியின் முகம் நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா," என்றான். "எங்கையால பூட்டுன பூட்டு அங்க தொங்குது. உள்ள இருந்த புள்ள போயிருச்சு. அது தெறக்காம இவளுக்கு எப்படித் தெறக்கும்? மூத்தவ போனதையே அவகிட்ட இன்னும் சொல்லல. இனிமேத்தான் போய்ச் சொல்லணும்." அவன் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "சுத்தியலால ஒடைக்கலாம்னா பூசாரி விட மாட்டாரு. ஒடைச்சா கருப்பன் கையையே ஒடைச்ச மாதிரி. சாவி போட்டுத்தான் தெறக்கணும். நீங்க போலீசுல சொன்னாலும் சொல்லுங்க. தெறந்துட்டுச் சொல்லுங்க."

பிரசவத்துக்கும் பூட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். பிரசவ வார்டில் இத்தனை வருஷம் அலமாரிகளைத் திறந்து வைத்தவன் அதை எந்த வாயால் சொல்வது? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் வண்டியில் காத்திருக்கும்போது சொல்கிற பேச்சும் அல்ல அது.

"பால் தெளிக்கிறது எப்ப?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில."

"அதுக்கு முன்னாடி வாரேன். கோயிலுக்கு வந்துரு. புதுச்சாவி அங்க வச்சுத்தான் அராவணும். பூட்டுப் பக்கத்துல இல்லாம பல் வைக்க முடியாது."

"வந்துருவீகளாண்ணே?"

"வாரேன் தம்பி. போ. மொதல்ல புள்ளையக் கொண்டுபோ."

வண்டி நகர்ந்தது. வாசல் காவல்காரர் எப்போதும் போகிற வண்டிக்கெல்லாம் ஏதாவது ஒன்று சொல்லிச் சிரிப்பவர். இதற்கு எழுந்து நின்று தலைப்பாகையைக் கழற்றினார். "மாப்ள, அவன் என்ன கேட்டுட்டுப் போறான்?" என்றார்.

"சாவி," என்றேன்.

மிச்சப் பகலை எப்போதும்போல வேலை பார்த்துக் கழித்தேன். சமையற்கட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மாற்றினேன். அந்தப் பூட்டின் துளைக்குப் பொருந்துகிற, பல் வெட்டாத வெறுஞ்சாவி ஒன்றைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் பிரசவ வார்டு வழியாகப் போனபோது, காலையில் பார்த்த பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார்கள். மாமியார் என் கையில் கற்கண்டு வைத்தாள். துணி அலமாரியைப் பூட்டலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் பூட்டினேன். கற்கண்டை வாயில் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மாடத்தில் வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, கிழக்கு வெளுக்கும்போது நான் முதலில் செய்தது கருப்பன் கோயிலுக்குப் போனது. அவன் எனக்கு முன்பே வந்து நின்றான். தலை மழித்திருந்தான். கையில் ஒரு சிறு பால்செம்பு. வீட்டில் சொல்லிவிட்டாயா என்று நான் கேட்கவில்லை; முகத்திலேயே இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பூட்டு மற்றப் பூட்டுகளுக்கு நடுவில் பனியில் நனைந்து தொங்கியது.

வெறுஞ்சாவியைக் கோயில் விளக்கின் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்தேன். துளைக்குள் விட்டு மெதுவாகத் திருப்பி எடுத்தால், உள்ளே இடிக்கிற இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே அராவ வேண்டும். மறுபடியும் கரி, மறுபடியும் துளை. அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அவசரப்படவில்லை. அவசரப்பட்டு ஒரு நெல் முனை அளவு அதிகமாக அராவிவிட்டால் அந்தச் சாவி போய்விடும்.

கடைசியில் சாவி திரும்பியது. வளையம் துள்ளி மேலே வந்தது.

"தெறந்துருச்சு," என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை; வீடு இருந்த திசையைப் பார்த்துச் சொன்னான். பிறகு சங்கிலியிலிருந்து பூட்டைக் கழற்றக் கையை நீட்டியவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "கை பட்டு மறுபடியும் மூடிக்கிருமோண்ணே?"

அது அமுக்குப் பூட்டு, மூடத்தான் செய்யும். நான் கழற்றி எடுத்து, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, வளையத்தில் பூட்டின் நாக்கு பிடிக்கிற வெட்டை அரத்தால் தேய்த்து, இனிப் பிடிக்காதபடி வழவழப்பாக்கினேன். துருவைத் துடைத்து அவனிடம் கொடுத்தேன்.

அவன் வளையத்தை அமுக்கிப் பார்த்தான். விரலை எடுத்ததும் மேலே வந்தது. இன்னொருதரம் அமுக்கினான். மேலே வந்தது. அதைத் துண்டில் முடிச்சுப் போடாமல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பால்செம்பைக் கையில் எடுத்தான். மகளைப் புதைத்த ஆற்றங்கரைப் பக்கம் நடந்தான்.