படகு கடலில் இருக்கும் நேரம்

எங்கள் குப்பத்துப் பெண்கள் பிரசவ வலியில் கத்துவதில்லை. வெட்கத்தால் அல்ல. படகுகள் கடலில் இருக்கும் நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து பெண்ணின் அலறல் கேட்டால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: யாருடைய படகோ கவிழ்ந்துவிட்டது. கேட்டவள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவாள். அதனால் வேறு எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் குரலை யாரும் எடுப்பதில்லை. சும்மா எடுத்தால் கடல் அதை உண்மையாக்கிவிடும் என்றும் ஒரு பயம் உண்டு. அம்மா அதை முழுதாக நம்புகிறாள். நான் நம்புவதில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

அம்மா என்னையும் தம்பியையும் வீட்டில்தான் பெற்றாள். நான் பிறந்ததைப் பற்றி எனக்குக் கிடைத்த தகவல்கள் குறைவு. வாயில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கடைசியில் துண்டு கிழிந்துவிட்டது, அவ்வளவுதான். தம்பி பிறந்தது எனக்கே நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஐந்து வயது. சுனாமிக்கு முந்தைய ஓலை வீடு, மணல் தரை. நைனா, என் அப்பா, கடலுக்குப் போயிருந்தார். மருத்துவச்சி தம்பியைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு, கஞ்சி குடிக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா படுத்திருந்த பாயின் ஓரத்தில் மணல் கறுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைத்து விரலை வைத்தேன். சூடாக இருந்தது.

அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு. சத்தம் போடாத. நைனா வரட்டும்."

நான் சத்தம் போடவில்லை. இருவரும் பேசாமல் நைனாவுக்காகக் காத்திருந்தோம். மணல் என் கால் பக்கமாக நனைந்து வந்தபோது காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

நைனா வந்து பார்த்ததும் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். அப்போது பாலம் கிடையாது. படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குப் போய், அங்கிருந்து வேன் பிடித்துப் போயிருக்கிறார்கள். அம்மா பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் அத்தை அந்த மணலை அன்னக்கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினாள். தரையில் ஒரு பள்ளம் இருந்தது. புது மணல் போட்டு நிரப்பிய பிறகும் நான் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

இப்போது நான் மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். டிப்ளமோ படித்தது அதற்குத்தான். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம். ஒரு அலாரம் அடிக்காமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அலாரமே செத்துப்போயிருக்கலாம் என்று சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தந்தார்கள்.

கர்ப்பம் உறுதியானதும், வழக்கம்போல, பயப்பட வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். முதலில் ரத்தப்போக்கு. இரண்டாவதாக எதுவுமே தோன்றவில்லை. சோதனைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரும் என்று இல்லை என்றார் டாக்டர். இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் தவறவிடவில்லை. கழிவறைக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் துணியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை பார்ப்பேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வெளியே யார் பார்த்தாலும் நான் தைரியமான பெண்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை. இதில் அம்மாதான் குறுக்கே நின்றாள். "இங்க வாணாம். அவ அங்கியே இருக்கட்டும், ஆஸ்பத்திரி கிட்டக்க." மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "பொண்ண இட்டுக்கினு போகாத அம்மா வீடு உண்டா? ஊரு இன்னா பேசும்?" கடைசியில் வளையல் போட்டு அழைத்துவந்தார்கள். கடைசி வாரத்துக்குப் பொன்னேரியில் உறவினர் வீட்டில் போய்த் தங்குவது என்று ஏற்பாடு. வலி அந்த ஏற்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை.

விடிந்ததும் தொடங்கியது. நைனாவும் தம்பியும் ஏற்கெனவே கடலுக்குப் போயிருந்தார்கள். அம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸிடம் வலி முதுகில் தொடங்கி முன்னால் வருகிறது, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, வரும்போது வயிறு கல்லாகிறது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீயே டாக்டராட்டம் சொல்றியேம்மா." பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கவே தொடங்கவில்லை என்றார். பக்கத்து அறையில் ஒரு பெண் சுவர் அதிர அலறிக்கொண்டிருந்தாள். "கேக்குதா? அதுக்குப் பேருதான் வலி. நீ வீட்டுக்குப் போய்ட்டு, தண்ணி உடஞ்சா வா."

"இவளும் என்ன மாதிரிதாம்மா," என்றாள் அம்மா. "கத்த மாட்டா."

"கத்தாம பெத்த பொம்பள உண்டாம்மா? மொதப் பிரசவம், நாளைக்கிக் கூட ஆவும். போங்க."

நானும் ஒரு அலறல் போட்டிருந்தால் ஒரு கட்டில் கிடைத்திருக்கும். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது பாலத்தின் மேல் வலி வந்தது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏரியில் நட்டிருந்த வலைக் கழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் பனிக்குடம் உடைந்தது. 108-க்கு நானே போன் செய்தேன். வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. வாய் மட்டும் ஓயாது.

"இன்னாடி, ஆஸ்பத்திரிய சுத்திப் பாத்துட்டு வந்துட்டீங்களா? சினிமா கொட்டாய்க்கா போனீங்க?" என்றபடி குனிந்தவள் அப்படியே நின்றாள். "அய்யோ. தல தெரியுதுடீ."

"அண்ணி, புடிங்க," என்றாள் அம்மா.

"நானா? நான் வவுந்து எடுத்ததெல்லாம் மீனுதான். எனக்கு இன்னா தெரியும்?"

போனில் 108-லிருந்து ஒரு பெண் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பா மேல் வைத்திருந்தோம். அம்மா என் வாயில் துண்டை வைத்தாள். நான் கேட்காமலே வைத்தாள், நானும் வாயைத் திறந்தேன். படகு இன்னும் கடலில் இருந்தது.

குழந்தை பிறந்தது. பெண். அவளும் உடனே அழவில்லை. அத்தை முதுகைத் தேய்த்துத் தேய்த்து, "அழுடி, அழுடி, நீயாவது அழுடி" என்று கெஞ்சிய பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். குழந்தையை என் நெஞ்சின் மேல் போட்டுத் துணியால் மூடினோம். சற்று நேரத்தில் நஞ்சுக்கொடியும் தானாக வந்தது. அத்தை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பெரிய டாக்டருங்கோ நாம" என்றாள். மூவரும் சிரித்தோம்.

சிரித்தபோதுதான் அடியில் சூடாக இறங்குவது தெரிந்தது.

நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. விட்டு விட்டு அல்ல, குழாயைச் சரியாக மூடாதது போல இறங்கிக்கொண்டே இருந்தது. போனில் கேட்டார்கள்: "ரத்தம் எவ்வளவு போகுதும்மா?"

"கொஞ்சம் அதிகமாதான் போகுதுங்க," என்றேன். என் குரல் தொழிற்சாலையில் ரீடிங் சொல்லும்போது இருக்கும் அதே குரல். உள்ளே நான் பயத்தில் உறைந்து கிடந்தேன். வயிற்றை அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள். அத்தை தேய்த்தாள். அப்போது லைன் அறுந்தது.

"அத்த, எனக்கு ரத்தம் நிக்கல," என்றேன்.

"போவத்தான் செய்யும்டி. எல்லாருக்கும் போறதுதான்."

என் விரல்கள் குளிர்ந்தன. குழந்தை என் மேலிருந்து நழுவுவது போலிருந்தது, பிடித்திருந்த கை என்னுடையது போல இல்லை. கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாயில் இப்போது துண்டு இல்லை. ஆனாலும் வரவில்லை.

அம்மா சுவரோரம் நின்று பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது சிமெண்ட் தரை, மணல் மாதிரி குடிக்காது. ரத்தம் பாயைத் தாண்டி ஓடி அவள் கால் கட்டைவிரலைத் தொட்டது. அவள் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். எனக்குச் சைகை காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வெளியே போனாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது அம்மாவின் குரல் என்றே முதலில் தெரியவில்லை. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அடிப்பாவி, போட்டு கடல்ல கீதுடி!" என்றாள்.

அதன் பிறகு ஊரே ஓடும் சத்தம். கதவுகள், பாத்திரங்கள், மணலில் கால்கள். கரையில் மீனுக்காகக் காத்திருந்தவர்கள் இந்தப் பக்கமும், வீட்டில் இருந்தவர்கள் அந்தப் பக்கமுமாக ஓடினார்கள். "யாரு போட்டு? யாரு போட்டுடீ?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். ஒருத்தி தன் புருஷன் பேரைச் சொல்லி அதற்குள் அழவே தொடங்கிவிட்டாள்.

"போட்டு இல்ல! என் பொண்ணு! என் பொண்ணு போறா!"

ஓடிய கால்கள் எங்கள் வாசலுக்குத் திரும்பின. பிறகு வீடு நிறையப் பெண்கள். ஒருத்தி அம்மாவை முதுகில் ஓங்கி அறைந்துவிட்டு, அதே கையால் என் தோளைத் தூக்கினாள். மீன் ஏற்ற வந்து நின்றிருந்த குட்டியானை வண்டியிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்காமல் அப்படியே மணலில் தள்ளினார்கள். போர்வையோடு என்னையும் நெஞ்சின் மேலிருந்த குழந்தையையும் ஏற்றினார்கள். வண்டியின் தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். அத்தை ஏறி என் வயிற்றை முழங்கையால் அழுத்திக்கொண்டாள்.

அம்மா ஏறவில்லை. வண்டி நகர்ந்தபோது பின்பக்கமாகப் பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக் கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அந்தக் கணத்தில்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது. நான் செத்துவிட்டேன், அதனால்தான் அவள் வரவில்லை என்று நினைத்தேன்.

பாலத்துக்கு முன்பே ஆம்புலன்ஸ் எதிரில் வந்தது. அதில் ஊசி போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் நின்றது. கர்ப்பப்பையை எடுக்கவில்லை.

அம்மா ஏன் வரவில்லை என்று பிறகுதான் மற்ற பெண்கள் சொன்னார்கள். படகு வெளியே இருக்கும்போது குரல் எடுத்துவிட்டாள். அதற்குக் கடல் என்ன செய்யும் என்று தெரியாமல் அவளால் கரையை விட்டு வர முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளோடு பேசவில்லை. ஒருத்தி மட்டும், "எங்க வீட்டு ஆம்பளைக்கு எதுனா ஆச்சு, உன்ன வச்சு உயிரோட கொளுத்திடுவேன்" என்றாளாம். அம்மா சரி என்று தலையாட்டினாளாம். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. நைனாவின் படகு கடைசியாக வந்தது. வலை எதிலோ சிக்கித் தாமதம். அது வந்து மணலில் ஏறிய பிறகுதான் மிரட்டியவளே அம்மாவைக் கைபிடித்துக் கரைக்கு இழுத்து, "போடி, போய் உன் பொண்ணப் பாரு. உன் பேத்தி பொறந்ததுக்கு எங்க பாதி உசுரு போச்சு" என்றாளாம்.

மாலையில் வார்டுக்கு வந்தார்கள். அம்மாவின் புடவை முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. ஒரு கையில் நைனாவின் மணிக்கட்டையும் மறு கையில் தம்பியின் மணிக்கட்டையும் பிடித்திருந்தாள். சின்னப் பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிவருவது போல.

"உடு, எல்லாம் பாக்கறாங்க," என்றார் நைனா. அவள் விடவில்லை. கட்டில் அருகே வந்த பிறகுதான் விட்டாள். குழந்தையைப் பார்த்தாள், தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இன்னும் போவுதா?"

"இல்லம்மா. நின்னுடுச்சு. நல்லாதான் இருக்கேன்," என்றேன், அதே குரலில்.

அவள் நம்பவில்லை. நைனாவையும் தம்பியையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, போர்வையைத் தூக்கித் தானே பார்த்தாள். நர்ஸ் வந்து, "நாங்க பாத்துக்கறோம்மா" என்றார். அம்மா போர்வையை இறக்கிவிட்டு, கொஞ்சம் நின்று, மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.