ஜரிகைக்கு நடுவே வைத்த தாள்

கூரத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் மொட்டை மாடியில் செயற்கைக்கோள் டிஷ்ஷைப் பொருத்திய அன்று, ஊரே வந்து ஒரே கேள்வியைக் கேட்டது.

"எத்தினி சேனல் வரும்பா?"

ஒரு சேனலும் வராது, இது இன்டர்நெட்டுக்கு என்று சொன்னதும் பாதிப் பேர் கலைந்துபோனார்கள். மீதிப் பேர் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காஞ்சிபுரம் டவுனில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்தது. பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்த கூரத்திலோ ஒழுங்காக மணியடிக்கிற தொலைபேசியே சிலர் வீட்டில்தான். கம்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம், வானம் வழியாகவே இணையத்தைக் கொண்டுபோய்விடலாம் என்று ஒரு தொண்டு நிறுவனம் நினைத்தது. டிப்ளமா முடித்துவிட்டு சின்னக் காஞ்சிபுரத்தில் வீட்டாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த என்னை அந்த மையத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கியது. சென்னையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது நான் பாதி விஞ்ஞானி. அந்த மமதையை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

பரீட்சை முடிவு பார்க்க வந்தார்கள், விண்ணப்பம் நிரப்ப வந்தார்கள். மழை வந்தால் சிக்னல் போய்விடும். வந்தவர்கள் மழை விடும்வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். தொடர்ந்து வந்தவர் என்றால் ஒருவர்தான். சேலைக்கு டிசைன் போடுகிற அக்கா. நாற்பது வயது இருக்கும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பூவும் கொடியும் வரைவார். அதை வைத்துத்தான் தறியில் பூ விழுவதற்கான துளை அட்டை அடிப்பார்கள். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் கணவர், இன்னொன்றில் கணவரின் தம்பி. இரண்டும் கோயம்புத்தூரில் இருந்த ஒரே ஒரு கடைக்காக ஓடின. அந்தக் கடைக்காரர் போட்டிருந்த நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: எனக்குக் கொடுத்த டிசைன் வேறு எந்தக் கடையிலும் தொங்கக் கூடாது.

கூரியரில் அனுப்ப அக்காவுக்குப் பயம். வழியில் யாராவது கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிவிடுவார்கள் என்பார். அதனால் ஒவ்வொரு டிசைனையும் கணவர் பஸ்ஸில் கோயம்புத்தூர்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார், அத்தனை நாளும் ஒரு தறி சும்மா நிற்கும். மெயிலில் அனுப்பினால் அரை மணியில் போய்விடும் என்றேன். அவர் உடனே மயங்கிவிடவில்லை.

"டிவி டிஷ்ஷு யாரு வெச்சாலும் படம் வருது இல்ல தம்பி? அப்ப என் டிசைனயும் எவன் வேணா புடிச்சிக்குவானே?"

சென்னைப் பயிற்சியில் இருபது பேர் இருந்தோம். ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போகிறது, அங்கிருந்து நாடு முழுக்கக் கொட்டுகிறது, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அப்படியே கொட்டாது, கலைத்துப் போட்டு அனுப்பும் என்றேன்.

"நூலைச் சிக்காக்கி அனுப்பற மாதிரின்னு வெச்சிக்கோங்கக்கா. எந்த இழை எங்கன்னு தெரிஞ்ச மிஷின்தான் பிரிக்க முடியும்."

"சிக்குப் பிரிக்கிறவங்க எங்க ஊர்ல நெறைய பேரு இருக்கறாங்கபா" என்றார்.

கடைசியில் சம்மதித்தார். மெயில் கணக்கு திறந்து கொடுத்தேன். பாஸ்வேர்டை மனதுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் முடிப்பதற்குள், வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி தன் கொழுந்தனின் பெயரைச் சொன்னார். மாமியார் இறந்தபோது அந்தப் பையனுக்கு ஆறு வயதாம். இவர்தான் சோறூட்டி, தலை வாரி, பிறகு தறியில் உட்காரவைத்து ஆளாக்கியிருக்கிறார். "அது பேருதான் எனக்கு மறக்காது" என்றார். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. ஒற்றை விரலால் தேடித் தேடி ஒவ்வொன்றாகத் தட்டுவார். மூன்றாவது எழுத்து மட்டும் ஒவ்வொரு முறையும் சட்டென்று கண்ணில் படாது.

அவர் போட்ட டிசைன்களில் ஒன்றை என்னால் மறக்க முடியாது. எங்கள் மாடியில் இருந்த டிஷ்தான் அது. கிண்ணம் போல விரிந்த பாதிப் பூ, அதன் கீழிருந்து வளைந்து மேலே போகும் ஒரு தண்டு. சேலை முழுக்கச் சின்னச் சின்ன புட்டாவாக வர வேண்டும். பார்ப்பவர்கள் ஏதோ அல்லி என்று நினைத்துக்கொள்வார்கள். நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும் என்று சிரித்தார்.

அந்தத் தாள் பெரியது, எங்கள் ஸ்கேனர் சின்னது. இரண்டு பாதியாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற இடத்தில் ஒரு கட்டம் தள்ளினாலும் பூ கோணிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் பிரின்ட் எடுத்துக் காட்டுவேன். அவர் விரலை வைத்துக் கட்டம் எண்ணுவார். முதல் பிரின்ட்டில் தண்டு நடுவில் இரண்டு கட்டம் விலகி, ஒடிந்த மாதிரி இருந்தது. சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்தேன். இரண்டாவது சரியாக வந்தது, அது கோயம்புத்தூருக்குப் போனது.

ஓரமாக வைத்த தாள்கள் ஓர் அட்டைப் பெட்டியில் சேரும். நிறைந்ததும் அதை பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவருவேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளுக்குச் சேலை மடித்துக் கொடுப்பவர். பட்டுச் சேலையை மடிக்கும்போது ஜரிகையும் ஜரிகையும் உரசாமல் இருக்க நடுவில் தாள் வைப்பார்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். வெள்ளைத் தாள் வாங்கிக் கட்டுப்படியாகாது. எங்கள் லேசர் பிரின்டர் தாளைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஒட்டலியேபா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். கைம்மாறாக என் அம்மாவின் சேலைகளை மடித்துக் கொடுத்தார். ஒரு தாள்கூட வீணாகவில்லை என்று மாத அறிக்கையில் எழுதி நிறுவனத்திடம் பாராட்டும் வாங்கினேன்.

நாலைந்து மாதம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அக்காவுக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவரைத் திட்டி எழுதியதை அவருக்கு எதிரே உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் அதே புட்டா விற்கிறது. ஒரே டிசைனை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறீர்கள். இனிமேல் உங்கள் தறிக்கு என்னிடம் வேலை கிடையாது. கூடவே அந்தச் சேலையின் போட்டோ ஒன்று.

அக்கா அழவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"தண்டு ஒடிஞ்சிருக்குது பாரு. நான் போட்டதுல ஒடியலயே."

"போட்டோ சரியில்லக்கா" என்றேன். உண்மையில் நான் பார்க்கவே இல்லை. என் கவலையெல்லாம் மையத்தின் பெயர் கெட்டுவிடுமே என்பதுதான்.

"அப்ப மேலருந்துதான் எவனோ புடிச்சிருக்கான். நான் அன்னிக்கே கேட்டேன் இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் சென்னைக்குப் போன் போட்டுப் பொறியாளரின் உயிரை எடுத்தேன். அவர் எல்லாப் பதிவுகளையும் பார்த்துவிட்டு, யாரும் உள்ளே நுழையவில்லை, அந்த மெயிலை வேறு யாரும் திறக்கவில்லை, சத்தியமாக இல்லை என்றார். அதை அக்காவிடம் சொன்னபோது என் குரலில் துக்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மேலருந்து போகலக்கா. கீழதான் யாரோ குடுத்திருக்காங்க. பாஸ்வேர்டு அன்னிக்கு எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. அட்டை உங்க வீட்லதான் இருக்குது. வீட்டுக்குள்ளயே விசாரிச்சுப் பாருங்க."

விசாரித்திருக்கிறார். கணவர் வெளியில் போகிற ஆள் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் கூட்டாளிகள் வைத்திருந்தது கொழுந்தன்தான். "நீ யாருக்காவது அட்டையக் காட்டினியா?" என்று ஒரு தடவைதான் கேட்டாராம். கொழுந்தன் நேராகத் தறிக்குப் போனார். பாதி நெய்த சேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆரணிக்குப் போய் யாரோ ஒருவர் வீட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார். இதையெல்லாம் வேறொருவர் என்னிடம் சொன்னார். அக்கா மையத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

அடுத்த தை மாதம் என் கூடப்பிறந்த அக்காவுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலை எடுக்கப் பெரிய காஞ்சிபுரத்துக்குக் குடும்பத்தோடு போனோம். விற்பனையாளர் ஒரு அரக்குச் சேலையை எடுத்து உதறி விரித்தார். உள்ளேயிருந்து ஒரு தாள் என் மடியில் விழுந்தது. கட்டங்கள், ஏதோ ஒரு கொடி, ஓரத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அது என் கை போட்டது.

"இது ஏதுங்க?" என்றேன்.

"அதுவா சார்? மடிக்கிறவரு வெச்சிக் குடுக்கறாரு. இதுல சமயத்துல நல்ல டிசைனுகூட மாட்டும். எங்க மொதலாளி எடுத்து வெச்சிக்குவாரு." அவர் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். "அந்தக் குடை புட்டா இருக்குது பாருங்க, அது அப்படி வந்ததுதான்."

எடுத்துக் காட்டச் சொன்னேன். பச்சைச் சேலை முழுக்க எங்கள் டிஷ். ஒவ்வொன்றிலும் தண்டு நடுவில் இரண்டு கட்டம் ஒடிந்திருந்தது. நான் தப்பாக ஒட்டி, பெருக்கல் குறி போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்த அதே தாள். வானத்தில் நாடு முழுக்கக் கொட்டியபோது ஒருவர் கையிலும் சிக்காதது அது. எந்த நிறம் பிடித்திருக்கிறது என்று என் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். எதுவானாலும் சரி என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இனிமேல் தாள் வராது என்று மட்டும் சொன்னேன். அவர்மேல் என்ன தப்பு? மறுநாள் கோயம்புத்தூருக்கு, நாங்கள் அனுப்பிய டிசைன், அந்தச் சேலையின் போட்டோ இரண்டையும் வைத்து விளக்கமாக எழுதினேன். ஒடிந்த தண்டு எங்கள் மையத்தில் கழித்துப் போட்ட தாளில் மட்டும்தான் உண்டு, அது வெளியே போனது என்னால், அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று. கடைக்காரர் நல்லவர்தான், ஒரு வாரத்தில் மறுபடி வேலை கொடுப்பதாகப் பதில் போட்டார். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கூரத்தில் டிசைன் அக்கா வீட்டுக்குப் போனேன். அப்படி வெட்கப்பட்டு நான் ஒரு வாசலில் நின்றதில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே தறி ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வந்துடுபா" என்றார்.

ஆரணிக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. தறியை நிறுத்தாமலே கேட்டார். நான் முடித்ததும் நிறுத்தினார்.

"தப்பு உன்னுதுதான், புரியுது. அதுக்கின்னா? எங்கண்ணி என்னக் கேட்டுட்டாங்க இல்ல. நான் எப்பிடிப்பா திரும்பிப் போயி அந்த வூட்ல சோறு துன்றது?"

அவர் வரவில்லை. நான் கூரத்தில் இருந்தவரை வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அக்கா புது டிசைனோடு மையத்துக்கு வந்தார். ஸ்கேன் செய்தேன், பிரின்ட் எடுத்தேன். கழித்த தாள் இரண்டையும் அவரே நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மெயில் பக்கத்துக்குப் போனதும் பாஸ்வேர்டு கேட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோபா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல் நாள் பயிற்சியிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பின்னால் ஒற்றை விரல் தேடித் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் எண்ணிவிட்டேன். ஏழு தட்டு. பழைய இடத்தில் பழைய இடைவெளி, மூன்றாவது எழுத்துக்கு மட்டும் வழக்கம்போலக் கொஞ்சம் அதிக நேரம். மெயில் திறந்துகொண்டது.