முதல் திருப்பத்துக் கடை

அந்தக் கண்காட்சி அரங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாக்பீஸ் என்றால்தான் தெரியும். எந்தக் கடை எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு அகலம், நடைபாதை எங்கே வளைய வேண்டும் என்று வெறும் சிமெண்டுத் தரையில் அவர் கோடு கிழித்த பிறகுதான் தச்சர்கள் சுத்தியலை எடுப்பார்கள். தூண் மறைக்கிற இடம் கிடைத்தவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். "தூண நான் பெத்துப் போடலைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவார். யாருக்காகவும் ஒரு விரற்கடை நகர்த்தியவரில்லை.

ஊராருக்கெல்லாம் இடம் பிரித்துக் கொடுத்த அந்த மனிதர், பிறந்த வீட்டை மட்டும் தப்பாகப் பிரித்துவிட்டார். அப்பா போன பிறகு தனக்கும் தம்பிக்கும் நடுவே அவரேதான் கோடு போட்டார். வாசலும் ஜன்னலும் உள்ள முன்பாதி தனக்கு. சாக்கடை ஓரத்துப் பின்பாதி தம்பிக்கு. அளவு என்னவோ சமம்தான். தம்பி அன்று வாய் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை. கோட்டின் மேல் சுவர் எழும்பியது. சுவருக்கு அப்பால் கேட்கிற இருமலை வைத்துத்தான் அண்ணனுக்குத் தம்பி வீட்டில் இருப்பது தெரியும்.

அப்படிப்பட்ட தம்பி ஒரு நாள் அரங்கத்து அலுவலகத்துக்கே வந்து நின்றான். மடக்குக் கட்டில் செய்கிறவன். கடைக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள். வீட்டு உபயோகப் பொருட்களின் கண்காட்சி ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த வழி.

"அண்ணா" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம். "இதுல ஆர்டர் வரலேன்னா பட்டறையப் பூட்டிட்டு எவங்கிட்டயாவது கூலிக்குத்தான் போகணும். நல்ல எடமாப் பாத்துக் குடு. நீ நெனச்சா முடியும்."

அவர் நினைத்தார். வாசலில் நுழைகிற கூட்டம் நாலு எட்டு வைத்ததும் தானாக இடது பக்கம் திரும்பும். அந்த முதல் திருப்பத்துக் கடைக்குப் பெரிய கம்பெனிக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். இதுவரை எதற்கும் கை நீட்டாதவர், மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அதைத் தம்பிக்கு வாங்கினார்.

கோடு கிழித்த அன்று இடத்தைப் பார்க்க வந்த தம்பி, கோடுகளுக்கு நடுவே தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். பாதம் இரண்டும் கோட்டைத் தாண்டி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தன.

"கட்டில விரிச்சு, ஆளப் படுக்க வச்சுக் காட்டணும்ணா. கால எங்க வைக்கச் சொல்ற, கழட்டி மாட்டி வைக்கவா?"

அண்ணன் சிரித்துவிட்டார். தம்பியும் படுத்தபடியே சிரித்தான். அந்தச் சிரிப்பில் சுவரே இடிந்து விழுந்ததாக அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்புக் காலால் கோட்டை அழித்து, நடைபாதைக்குள் இரண்டடி தள்ளிப் போட்டார். ஒரு கடை முன்னால் துருத்திக்கொண்டு நின்றால் கண்ணை உறுத்துமே என்று அந்த வரிசை முழுவதையும் சேர்த்தே தள்ளினார். வாசலை ஒட்டிய பாதையைக் குறுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? பாசம் கண்ணை மறைத்தது.

திறப்பு விழாக் காலையில் தீயணைப்பு அதிகாரி டேப்போடு வந்தார். அளந்தார். இந்த வழியாகக் கூட்டத்தை விட்டால் ஆபத்துக்கு ஒருவர்கூட வெளியேற முடியாது, விட மாட்டேன் என்றார். வரிசை முழுவதையும் பிரித்துக் கட்ட நேரமில்லை. மேனேஜர் முன்வாசலைப் பூட்டிவிட்டு, பின்வாசலைத் திறக்கச் சொன்னார்.

"கோடு உன்னுதுய்யா. இனிமே இங்க கோடு போட வேற ஆள் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அரங்கமே தலைகீழாயிற்று. முதல் கடை கடைசிக் கடையானது. அதற்கப்பால் இருந்தது கழிப்பறை மட்டும்தான். கூட்டம் பின்பக்கத்திலிருந்து வந்து, பாதி தூரத்திலேயே பை நிறைந்து திரும்பியது.

தம்பி பூட்டிய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் பக்கத்தில் போய் நின்றதும் திரும்பாமலே சொன்னான்: "அன்னிக்கும் பின்பக்கம், இன்னிக்கும் பின்பக்கம். அளவு மட்டும் சரியா இருக்கும் உங்கிட்ட."

உனக்காகத்தானே அந்த இரண்டடி என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழியைத் தம்பியின் தலையில் கட்டியதாகிவிடும்.

இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கடை கடையாகக் கெஞ்சினார். சிரித்தார்கள். மடக்குக் கட்டில் என்று எழுதி, அம்புக்குறி போட்டு, தூணுக்குத் தூண் ஒட்டினார். அதன்படி வந்தவர்களெல்லாம் அவசரக்காரர்கள். கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாத்ரூம் எங்கே என்று தம்பியிடம் கேட்டார்கள். அவனும் கை காட்டிக் கை காட்டி ஓய்ந்துபோனான்.

கடைசி நாள் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசல் வழியாக வந்தார். தம்பியிடம் தானே ஒரு கட்டில் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும் என்று எண்ணம். கடை முன்னால் போய் நின்றார். யாருமே படுத்துப் பார்க்காத கட்டிலின் விளிம்பில் தம்பி உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தினான். வந்திருப்பது யாரென்று நன்றாகப் பார்த்தான்.

"பாத்ரூம் அடுத்த கதவு, சார்."

அவர் அந்தக் கதவை நோக்கியே நடந்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய அரங்கத்தில், அழுவதற்கென்று அவருக்கு மிச்சமிருந்தது அந்த இடம்தான்.