சித்தியை அம்மாவாகப் படமெடுத்த நாள்

அப்போது கடலூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். பெண் ஒருத்தி படமெடுக்கிறாள் என்பதால் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று வீட்டுக்குள் நடக்கிற விசேஷங்களுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பென்சில் பேட்டரி நான்கு போட்டால் வேலை செய்கிற ஒரு குட்டி ஃபிளாஷ் என்னிடம் இருந்தது. அதைக் கேமராவின் தலையில் மாட்டி நேராக அடித்தால் எந்த முகமும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். அதனால் தனியே கழற்றி, பழைய மைக் ஸ்டாண்டில் கட்டி, வெள்ளைத் துணிக் குடை ஒன்றின் வழியாக அடிப்பேன். குடையில் வடிந்து வரும் வெளிச்சம் முகத்தின் மேல் வந்து விழாது, மெல்லப் படியும். தூக்கத்தில் பார்க்கிற முகங்களுக்கு அப்படி ஒரு வெளிச்சம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

2010 ஐப்பசி மழையில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். கடலுக்குப் போகிறவர். கூடவே ஏழு வயது மகள், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. பெஞ்சில் உட்கார்ந்து மகளின் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு சொன்னார்.

"இதோட அம்மா சுனாமில போயிட்டாக்கா. அப்ப இதுக்கு ஒன்ற வயசு. வூட்ல ஒரு போட்டோ மிஞ்சல. அவ பொறந்த வூடும் அதே கரைதான், அதுவும் போச்சு. அம்மா எப்பிடி இருக்கும்னு தெனம் கேக்குது."

கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் எப்போதோ கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தார். ஆனால் மனைவிக்கு ஒரு தங்கை உண்டு, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அக்காவின் அதே ஜாடை. "அவள எடுத்துக் குடுங்க. இதோட அம்மாவாட்டம் தெரியற மாதிரி எடுத்துக் குடுங்க" என்றார்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் குழந்தை குடைக்கு அடியில் போய் நின்றுகொண்டு, மழை பெய்யாத இடத்தில் எதற்குக் குடை என்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் சிதம்பரம் போனோம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீர். வயலும் வானமும் ஒரே சாம்பலாகக் கரைந்து ஓடின. தங்கையின் வீடு மாடியில் ஒரே ஒரு அறை. அக்காவைப் போல இருக்கட்டும் என்று நடுவகிடு எடுத்துப் பின்னியிருந்தாள். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷமில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லிடறேன். இதுக்கு மால போடக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது. உசுரோட இருக்கறவ நானு."

"போட மாட்டேம்மா. புள்ளைக்குக் காட்டத்தான்."

பகல் மூன்று மணிக்கே அறை இருட்டிக்கொண்டு வந்தது. குடையை அவள் முகத்துக்கு அருகே வைத்து எடுத்தேன். கேமராவின் பின்னால் தெரிந்த படத்தை அவர் குனிந்து பார்த்தார்.

"அழகா இருக்குது. ஆனா இது எங் கொழுந்தியாதான். அவளுக்குக் கன்னம் இவ்ளோ இருக்காது."

குடையைப் பக்கவாட்டில் நகர்த்தி, மறுபக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டேன். கன்னம் ஒட்டிப்போய் மூக்கு எடுப்பாகத் தெரிந்தது.

"மூக்கு வந்துருச்சி" என்றார். "அவ வரல."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. தங்கை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே தகரத்தில் மழை.

நான்தான் கேட்டேன். "அவுங்க மொகத்த நினைச்சா உங்களுக்கு எங்க பாத்தது ஞாபகம் வருது?"

உடனே சொன்னார். "கரையிலதான். காலையில மீன் புடிச்சிட்டுப் போட்ட கரைக்குக் கொண்டாருவோம். அவ கெழக்க பாத்து நிப்பா. சூரியன் அப்பதான் மேல வந்திருக்கும். மூஞ்சி பூரா மஞ்சளா கெடக்கும். காத்துல முடி பறக்கும்."

குடையைக் கழற்றிக் கீழே வைத்தேன். பையில் ஆரஞ்சு நிற ஜெலட்டின் தாள் இருந்தது. அதை ஃபிளாஷின் முகத்தில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, ஸ்டாண்டை அறைக்கு வெளியே நடையில், அவள் கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினேன். அவளை வாசலைப் பார்த்து நிற்கச் சொன்னேன். அவர் எழுந்துபோய், நான் சொல்லாமலே டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அவள் எதிரில் வைத்தார்.

முதல் நாலைந்து படங்கள் வீண். வெளிச்சம் கண்ணில் அடித்து அடித்து, அடுத்தது எப்போது வருமோ என்று அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புருவத்துக்கு மேல் கையை வைத்தாள். அந்த நேரத்தில் அழுத்தினேன்.

நான் திரையைக் காட்டும் முன்பே அவர் "ஐயோ" என்றார். படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வெளிச்சம் வந்துபோன அந்த ஒரு கணத்தில் அவளையே பார்த்துவிட்டுச் சொன்னார். பிறகு மாடிப்படியில் போய் நின்றுகொண்டார். சட்டை நனைந்தது. உள்ளே வரவில்லை.

குழந்தை என் கையைப் பிடித்து இழுத்துத் திரையைப் பார்த்தது.

"சித்தி ஏன் கண்ண மூடுது?"

"உங்கம்மா அப்பிடித்தான் நிக்கும்" என்றாள் தங்கை. "அப்பா வர்ற போட்ட தேடிக்கிட்டு நிக்கும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். குடையைத் திரும்ப மாட்டி, அவர்கள் இருவரையும் அப்படியே ஒரு படம் எடுத்தேன். அது யாரும் கேட்காத படம்.

இரண்டு படத்தையும் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். அதன்பின் அவர்களைப் பார்க்க எனக்கு நேரமில்லை, அல்லது தைரியமில்லை.

2012இல் ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்க தேவனாம்பட்டினம் போனபோது அவரே தெருவில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போனார். சுவரில் சித்தியும் குழந்தையும் இருக்கிற படம் மாட்டியிருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை. மற்றொன்று எங்கேயும் தெரியவில்லை. கேட்கலாமா என்று நான் தயங்கியதை அவர் கண்டுகொண்டார்.

"தகரப் பொட்டில வச்சிருக்கேன்க்கா. பாப்பா கேட்டா எடுத்துக் காட்டுவேன். நான் ஜாஸ்தி பாக்கறதில்ல. பாத்துப் பாத்து அந்த மூஞ்சியே மனசுல ஒக்காந்துட்டா, அவ மூஞ்சி போயிரும்ல?"

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை மூலையில் எறிந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "குடை வச்சிருந்த ஆன்ட்டி" என்று அவர் சொன்னதும் சிரித்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். வஞ்சிரம் வறுத்திருந்தது. ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்துகொண்டே இருந்தது. கேமரா பையைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.