வெள்ளிக்கிழமைச் சோறு

பெயிண்டர் பிரஷ் கழுவிய மண்ணெண்ணெய் வாசனையில் இன்று, செம்பாக்கம் ஏரிக்கரையில், இப்போது அபார்ட்மெண்ட் நிற்கும் இடத்தில், நாங்கள் குடியிருந்த ஷீட் வீடு திரும்பி வந்தது.

சனிக்கிழமை ஆராதிக்கும் கிறிஸ்தவ சபையில் சேர்ந்த பிறகு, அப்பாவின் கணக்கில், உலகைப் படைத்து முடித்துக் கடவுள் ஓய்ந்த ஏழாம் நாள் வெள்ளி சாயங்காலமே தொடங்கிவிடும். சூரியன் மறைந்தால் அடுப்பு எரியக் கூடாது. அம்மாவோ பல்லாவரம் தோல் கம்பெனியில் வேலை முடித்து, வெள்ளிச் சந்தைக் கூட்டத்தில் பஸ் பிடித்துத் தாமதமாகத்தான் வந்து உலை வைப்பாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் உஸ்ஸென்று இரைய, சமைக்கத் தெரியாத அப்பா வாசலில் நின்று ஏரியில் இறங்கும் சூரியனையே பார்ப்பார், நான் பானையையே பார்ப்பேன்.

ஒரு வெள்ளி, அரிசி பாதி வெந்திருக்கையில் சூரியன் மறைந்துவிட்டது. அப்பா வந்து ஸ்டவ்வின் திருகில் கை வைத்தார். இனி மறுநாள் சாயங்காலம் வரை பட்டினிதான்.

"ஏங்க," என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல். "சூரியனையே கடவுள் நாலாம் நாள்தானே படைச்சாரு? மொத மூணு நாள் எதைப் பாத்து சாயங்காலம்னு சொன்னாரு?"

திருகில் வைத்த கையோடு அப்பா யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் சோறு வெந்துவிட்டது.