தண்டவாளம் போன வழியில் சௌந்தரம்

சௌந்தரத்தின் கருவாட்டுக் கூடையை எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். வாடையாம்! குழம்பில் போட்டால் சப்புக்கொட்டித் தின்பார்கள், பஸ்ஸில் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், நல்ல நியாயம். அதனால் குப்பத்திலிருந்து பரங்கிப்பேட்டைச் சந்தைக்கு அவள் நடைதான். முன்பு உப்பு ஏற்றிப்போன ரயிலின் பழைய பாதைதான் நேர்வழி. ரயில் நின்று எத்தனையோ வருஷமாகியும், பின்னால் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடிதான் குப்பத்தார் அதில் நடப்பார்கள்.

போன வருஷம் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு வழவழவென்று சைக்கிள் பாதை போட்டார்கள். ஓரமெல்லாம் கொன்றைக் கன்று. சௌந்தரத்துக்கு வாயெல்லாம் பல். திறந்த மறுநாளே கூடையோடு போனவளைக் காவலுக்கு நின்ற நடனசபாபதி மறித்தார்.

"சைக்கிளுக்கு மட்டுந்தாங்க்கா. நடக்கிறவங்கள உடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

சுற்றுவழியில் போனால் சந்தை கலைந்துவிடும், பிழைப்பே போச்சு. மகள் வெண்மதிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் வலைக்கடியில் கிடந்தது. ஐம்பது வயதில் அதைக் கடற்கரைக்கு உருட்டிப்போய் ஈரமணலில் விழுந்து விழுந்து பழகினாள். குப்பமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களா வந்து உலை வைக்கப் போகிறார்கள்?

ஒருநாள் காலை கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாதையில் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் நேரே கொன்றைக் கன்றில் போய்ச் சாய்ந்தது. சிதறிய கருவாட்டை நடனசபாபதியும் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்தார்.

"இனிமே எந்த ரயிலும் வராதுக்கா. முன்னாடி பாத்துப் போங்க."

முன்னால் பார்த்தாள். சவுக்குத் தோப்புக்குள் பாதை மெல்ல வளைந்து போயிற்று. வெயில் இலைக்கிடையில் சிந்த, உப்புக் காற்று முந்தானையைத் தூக்க, பெடல் தானாகச் சுற்றுவதுபோல் இருந்தது. விழித்திருக்கிறோமா என்றே அவளுக்குச் சந்தேகம். சந்தைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். வெயில் ஏறுமுன் கூடை காலி.

திரும்புகையில் குப்பத்துக்குப் பிரியும் வழி வந்தது. பிரேக்கைப் பிடிக்க மனசு வரவில்லை. காலிக் கூடை கடகடக்க, கழிமுகம் பக்கம் போய்க்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

"வூட்டுத் திருப்பம் அங்கியே போயிடுச்சே, எங்கக்கா போறீங்க?" என்று பாதையைச் சுற்றிவந்த நடனசபாபதி கேட்டார்.

"எங்கியும் இல்ல தம்பி. சும்மா போறேன்."