பட்டிப் பொங்கலுக்கு ஒரு மாடு

படிக்கும் காலத்தில் கனடாவின் சென்ட் லோரன்டில் நான் வேலைசெய்த சரக்குக் களஞ்சியத்தில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். நெடிய மனிதர், எந்தக் குளிருக்கும் தொப்பி போடமாட்டார். தேநீர் இடைவேளையில் பால் பெட்டியிலுள்ள பசுவின் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஒரு பட்டிப் பொங்கலன்று, “தம்பி, உமக்குப் பிரெஞ்சு வரும்தானே, ஒருக்கா வாரும்” என்று காரில் ஏற்றினார். பின் இருக்கையில் கம்பளி சுற்றிய பொங்கல் பானை. நகருக்கு வெளியே ஒரு பால் பண்ணையில் நிறுத்தினார்.

“இன்று எங்கள் ஊரில் மாடுகளுக்குத் திருநாள். இவருக்கு ஒரு மாட்டுக்கு ஒரு வாய் பொங்கல் ஊட்ட வேண்டுமாம்” என்று பண்ணைக்காரரிடம் சொன்னேன். அவர் பானையை எட்டிப் பார்த்தார். இனிப்பும் சோறும் மாட்டின் வயிற்றைக் கெடுக்கும் என்று மறுத்துவிட்டார்.

அண்ணையின் முகம் வாடிவிட்டது. “வடிவாச் சொல்லும் தம்பி. கனடா வந்த நாள் தொட்டு இதுகளின்ரை பாலைத்தான் குடிக்கிறன். ஒரு மாட்டையும் நேரில கண்டு கும்பிடேல்லை.”

அதையும் சொன்னேன். பண்ணைக்காரர் சிரித்தார். “விடிய முன்னம் எழும்பி இவற்றைப் பார்ப்பது நான். எனக்கு யார் திருநாள் கொண்டாடினார்கள்?”

“அப்ப அவருக்கும் குடுப்பம்” என்றார் அண்ணை.

தொழுவத்தில் நின்றபடியே பண்ணைக்காரர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அண்ணை ஒரு பசுவின் நெற்றியைத் தடவிக் கும்பிட்டார்.

“இப்ப சந்தோசம்தானே அண்ணை?” என்று வழியில் கேட்டேன்.

“ஓம், நல்ல மனுசன். ஆனா மாடு சாப்பிடேல்லையே.”

பானையில் ஒரு பிடி மிச்சமிருந்தது. அதை அவரும் சாப்பிடவில்லை, எனக்கும் தரவில்லை.